பாஸ்போ-எர்க் பிளாட்டில் கோளாறா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

எர்க் 1, எர்க் 2 என்ற இரண்டு கைனேஸ்களும் (மற்ற புரதங்களின் மேல் பாஸ்பேட் ஏற்றும் என்சைம்கள்) ராஸ், ராஃப், மெக் என்று இறங்கி வரும் சமிக்ஞைத் தொடரின் கடைக்கோடியில் இருப்பவை. வளர்ச்சிக் காரணி ஒன்று செல்லின் மேற்பரப்பில் ஒட்டிய சில நிமிடங்களிலேயே மெக் இவற்றின் மீது இரண்டு பாஸ்பேட்டுகளை ஏற்றிவிடும். மனித எர்க் 1 என்றால் 202ஆம் இடத்துத் திரியோனினிலும் 204ஆம் இடத்து டைரோசினிலும். எர்க் 2 என்றால் 185, 187 ஆகிய இடங்களில். இரண்டும் ஏறினால்தான் எர்க் முழு வேகத்தில் வேலை செய்யும். பாஸ்பேட் ஏறிய அந்தத் துண்டைப் பிடிக்கிற ஆன்டிபாடியைத்தான் பாஸ்போ-எர்க் ஆன்டிபாடி என்கிறோம்.

புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து, மெம்பிரேனுக்கு மாற்றி (டிரான்ஸ்ஃபர்), ஆன்டிபாடியால் தேடும் வெஸ்டர்ன் பிளாட் சரியாக வராதபோது முதல் பழி ஆன்டிபாடிக் குப்பியின் மேல்தான் விழுகிறது. ஆனால் பாஸ்போ ஆன்டிபாடிகளைப் பொறுத்தவரை, செல் எந்த நிலையில் இருந்தது, தட்டிலிருந்து லைசேட் (செல்லை உடைத்து எடுக்கும் சாறு) ஆகும் அந்த இரண்டு நிமிடத்தில் என்ன நடந்தது என்பதில்தான் பெரும்பாலும் காரணம் இருக்கும். நம் ஆய்வகங்களில் இந்தக் குப்பி சின்னச் செலவு இல்லை. வெளிநாட்டிலிருந்து வரவேண்டுமென்றால் வாரக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். எனவே புதிதாக வாங்க எழுதிக்கொடுக்கும் முன் கீழே உள்ளதைப் பார்த்துவிடுங்கள்.

எந்த அறிகுறி என்றாலும் முதலில் ஓட்ட வேண்டிய ஜெல்

ஹீலா செல்கள் (ஆய்வகங்களில் வழக்கமாக வளர்க்கும் மனித செல்வகை) இருந்தால் போதும். ஒரு தட்டை இரவு முழுவதும் சீரம் இல்லாமல் பட்டினி போட்டு அப்படியே லைசேட் எடுங்கள். இரண்டாவது தட்டைப் பட்டினி போட்டு, ஒரு மில்லிக்கு 100 நானோகிராம் ஈ.ஜி.எஃப். என்ற வளர்ச்சிக் காரணியைச் சேர்த்து 5 நிமிடம் கழித்து எடுங்கள். மூன்றாவதற்கு ஈ.ஜி.எஃப். சேர்ப்பதற்கு அரை மணி முன்னால் யு0126 என்ற மெக் தடுப்பானை 10 மைக்ரோமோலார் கொடுங்கள். மூன்றையும் இரண்டு ஜெல்லில் ஓட்டி, ஒன்றில் பாஸ்போ-எர்க், மற்றதில் டோட்டல் எர்க் (பாஸ்பேட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மொத்த எர்க்) பாருங்கள்.

நடு லேனில் (ஒரு சாம்பிள் ஓடும் பாதை) 42, 44 கிலோடால்டன் எடையில் அழுத்தமான இரட்டைப் பேண்ட் (கோடு), மற்ற இரண்டில் மங்கல் அல்லது ஒன்றுமில்லை, டோட்டல் எர்க் மூன்றிலும் ஒரே அளவு. இப்படி வந்தால் ஆன்டிபாடி, மெம்பிரேன், ஒளி தரும் ஈ.சி.எல். கரைசல் எல்லாம் நன்றாக இருக்கின்றன என்று பொருள். அதன் பிறகு உங்கள் சோதனையில் வரும் குழப்பம் உங்கள் சாம்பிளில் இருந்து வருவதுதான். இந்த லைசேட்டுகளைச் சின்னச் சின்னக் குழாய்களாகப் பிரித்து மைனஸ் 80இல் வைத்துக்கொண்டால், ஒவ்வொரு முறையும் ஓர் ஓரத்து லேனில் போட்டுக்கொள்ளலாம்.

எந்த லேனிலும் பேண்டே இல்லை

டோட்டல் எர்க்கும் வரவில்லையா? அப்படியானால் பாஸ்பேட்டைப் பற்றி யோசிக்க வேண்டாம், பிளாட்டிலேயே கோளாறு. பான்சோ எஸ் சாயம் போட்டுப் பாருங்கள். மெம்பிரேனில் புரதமே தெரியவில்லை என்றால் டிரான்ஸ்ஃபர் நடக்கவில்லை. பி.வி.டி.எஃப். மெம்பிரேனை மெத்தனாலில் நனைக்க மறந்தாலும், ஜெல்லையும் மெம்பிரேனையும் மாற்றி அடுக்கினாலும் இதுதான் நடக்கும். புரதம் தெரிகிறது, பேண்ட் மட்டும் இல்லை என்றால் செகண்டரியை (முதல் ஆன்டிபாடியான பிரைமரியைப் பிடிக்கும் இரண்டாவது ஆன்டிபாடி) பாருங்கள். முயல் ஆன்டிபாடிக்கு, எலி ஆன்டிபாடியைப் பிடிக்கும் செகண்டரியைப் போடுவது எவ்வளவு அனுபவசாலிக்கும் நேரும். செகண்டரி கலக்கிய பஃபரில் சோடியம் அசைடு இருந்தாலும் அதனோடு இணைந்த, ஈ.சி.எல்.லை ஒளிர வைக்கும் எச்.ஆர்.பி. என்சைம் செத்துவிடும். ஒரு துளி செகண்டரியைக் காய்ந்த நைட்ரோசெல்லுலோஸ் துண்டில் வைத்து, ஈ.சி.எல். ஊற்றி இமேஜரில் பாருங்கள். பளிச்சென்று எரியவில்லை என்றால் செகண்டரியோ ஈ.சி.எல்.லோ போய்விட்டது.

டோட்டல் எர்க் அருமையாக வந்து, பாஸ்போ மட்டும் எங்குமே இல்லை என்றால் விஷயம் வேறு. ஒன்று, செல்லில் பாஸ்பேட் ஏறவே இல்லை. அல்லது, ஏறியதை நீங்கள் லைசேட் எடுக்கும்போது இழந்துவிட்டீர்கள்.

ஏறவில்லை என்பதற்கு வழக்கமான காரணம் நேரம். ஈ.ஜி.எஃப். கொடுத்தால் பல செல்களில் 5 முதல் 10 நிமிடத்தில் உச்சம் தொட்டு, அரை மணி முதல் ஒரு மணிக்குள் பெரும்பாலும் இறங்கிவிடும். நீங்கள் 2 மணி நேரம் கழித்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாதது இயல்பே. எல்லாக் காரணிகளும் இப்படி இல்லை. பி.சி.12 செல்களில் ஈ.ஜி.எஃப். கொடுத்தால் எர்க் எழுந்து அடங்கிவிடும், நரம்பு வளர்ச்சிக் காரணியான என்.ஜி.எஃப். கொடுத்தால் மணிக்கணக்கில் நிற்கும், அந்த நீடிப்புதான் செல்லை நரம்புச் செல்போல மாற்றுகிறது. எனவே புதிய செல், புதிய தூண்டுபொருள் என்றால் 0, 2, 5, 10, 30, 60 நிமிடம் என்று ஒரு வரிசை எடுக்காமல் எதையும் முடிவுசெய்யாதீர்கள். உங்கள் செல்லில் அந்தக் காரணிக்கு ஏற்பி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். என்.ஐ.எச். 3டி3 செல்லில் ஈ.ஜி.எஃப். ஏற்பி குறைவு, அதற்கு பி.டி.ஜி.எஃப். என்ற காரணியோ சீரமோ பொருத்தம். ஏற்பியைச் சாராத சோதனை வேண்டுமென்றால் பி.எம்.ஏ. என்ற வேதிப்பொருளை 200 நானோமோலார், 15 நிமிடம் கொடுங்கள்.

இழந்துவிட்டது என்பது இன்னும் அடிக்கடி நடப்பது. செல் உடைந்ததும், பாஸ்பேட்டைக் கழற்றும் என்சைம்களான பாஸ்ஃபடேஸ்கள் எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் எர்க்கின் மேல் விழும். எர்க்கில் ஒரு பாஸ்பேட் திரியோனினில், ஒன்று டைரோசினில் இருப்பதால் இரண்டு வகைத் தடுப்பானும் வேண்டும். டைரோசின் பாஸ்ஃபடேஸுக்கு சோடியம் ஆர்த்தோவனடேட் 1 மில்லிமோலார். செரின், திரியோனின் பக்கத்துக்கு சோடியம் ஃபுளோரைடு 10 முதல் 50 மில்லிமோலார், கூடவே பீட்டா-கிளிசரோபாஸ்பேட். லைசிஸ் செய்யும் அன்றே பஃபரில் சேருங்கள். போன மாதம் தடுப்பான் சேர்த்துக் குளிர்பெட்டியில் வைத்த பஃபரை நம்ப வேண்டாம். அதே பஃபரில் புரதம் சிதையாமல் காக்கச் சேர்க்கும் பி.எம்.எஸ்.எஃப். இன்னும் மோசம்: நீரில் விழுந்ததும் சிதையத் தொடங்கி, பி.எச். 8இல் அரை மணியைத் தாண்டும்போது பாதி போயிருக்கும்.

வனடேட்டைப் பற்றி நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் தூளை நிறுத்துக் கரைத்து அப்படியே போடுகிறார்கள். அப்படிக் கரைத்தால் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று சேர்ந்து கூட்டமாகிவிடும். கரைசல் மஞ்சளாகத் தெரிவது அதனால்தான். 200 மில்லிமோலார் கரைசலை பி.எச். 10க்குக் கொண்டுவந்து, நிறம் போகும்வரை கொதிக்க வைத்து, ஆறியதும் பி.எச்.ஐ மறுபடி 10க்குத் திருத்துங்கள். மஞ்சள் திரும்பினால் மறுபடி கொதிக்க வையுங்கள். நிறமின்றி பி.எச். 10இலேயே நின்றதும் பிரித்து மைனஸ் 20இல் வைக்கலாம். இன்னொன்று: உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ.வும், ஒடுக்கும் பொருளான டி.டி.டி.யும் வனடேட்டின் வேலையைக் கெடுக்கும். லைசிஸ் பஃபரில் ஈ.டி.டி.ஏ. தாராளமாகப் போட்டுவிட்டு வனடேட்டை நம்பி இருப்பதில் பயனில்லை.

இவ்வளவு தலைவலி வேண்டாம் என்றால் ஒரு குறுக்குவழி இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. மீடியத்தை உறிஞ்சி எடுத்தவுடன், 95 டிகிரியில் சூடாக வைத்த 1 சதவீத எஸ்.டி.எஸ். (சோப்பு போன்ற பொருள்) பஃபரை நேரடியாகத் தட்டில் ஊற்றிச் சுரண்டி எடுங்கள். எல்லா என்சைமும் அந்தக் கணமே செயலிழந்துவிடும். டி.என்.ஏ. கொழகொழவென்று வரும், சில வினாடி சோனிகேட் செய்தால் அல்லது மெல்லிய ஊசியில் ஏற்றி இறக்கினால் சரியாகிவிடும். புரத அளவு பார்ப்பதில் மட்டும் கவனம் தேவை. எஸ்.டி.எஸ். இருந்தால் பிராட்ஃபோர்டு என்ற அளவுமுறை வேலை செய்யாது, பி.சி.ஏ. முறையில் செய்யுங்கள். டி.டி.டி.யையும் நீலச் சாயத்தையும் அளவு எடுத்த பிறகு சேருங்கள், இல்லாவிட்டால் பி.சி.ஏ.வும் பொய் சொல்லும்.

தூண்டாத செல்லிலும் அழுத்தமான பேண்ட்

இதைப் பார்த்ததும் "ஆன்டிபாடி பாஸ்பேட் இல்லாத எர்க்கையும் பிடிக்கிறது" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். யு0126 லேனைப் பாருங்கள். அதில் பேண்ட் மறைந்துவிட்டால் ஆன்டிபாடி உண்மையைத்தான் சொல்கிறது: உங்கள் செல்லில் எர்க் ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருக்கிறது.

ஏன் இயங்குகிறது? முதலில் செல்லின் மரபணுவைப் பாருங்கள். ஏ375 மெலனோமா செல்லில் பிராஃப் (ராஃப் வகை) வி600ஈ பிறழ்வு இருக்கிறது; எச்.சி.டி.116இல் கேராஸ் (ராஸ் வகை) பிறழ்வு. இப்படிப்பட்ட செல்களில் எத்தனை நேரம் பட்டினி போட்டாலும் பாஸ்போ-எர்க் முழுதாக அடங்காது. பிறழ்வு இல்லாத செல் என்றால் சீரம் மிச்சம் இருந்திருக்கலாம், அல்லது பட்டினி நேரம் போதாமல் இருந்திருக்கலாம். இந்த இரண்டும் இல்லையென்றால் உங்கள் கைதான் காரணம். தட்டை இன்குபேட்டரிலிருந்து வெளியே எடுத்துக் குளிர்ந்த மேசையில் வைப்பது, மீடியத்தை மாற்றுவது, வேகமாக ஊற்றுவது ஆகியவையே சில நிமிடங்களில் எர்க்கைக் கிளப்பிவிடும். தூண்டுபொருளை முழு மீடியத்தோடு மாற்றாமல், செறிவாகக் கலக்கி, 37 டிகிரிக்குச் சூடாக்கி, சிறிதளவு மட்டும் தட்டின் ஓரமாகச் சேருங்கள். கட்டுப்பாட்டுத் தட்டுக்கும் அதே அளவு வெறும் பஃபரை, அதே மாதிரி சேருங்கள். கட்டுப்பாட்டுத் தட்டைத் தொடாமலே வைத்திருப்பது நியாயமான ஒப்பீடு ஆகாது.

யு0126 லேனிலும் பேண்ட் அப்படியே இருக்கிறது என்றால்தான் ஆன்டிபாடியைச் சந்தேகிக்க வேண்டும். அதற்குத் தீர்ப்பு சொல்லும் சோதனை லாம்டா பாஸ்ஃபடேஸ். பாஸ்ஃபடேஸ் தடுப்பானும் ஈ.டி.டி.ஏ.வும் இல்லாமல் எடுத்த லைசேட்டில், மாங்கனீசு உள்ள பஃபரோடு இந்த என்சைமைச் சேர்த்து 30 டிகிரியில் அரை மணி வையுங்கள். பாஸ்பேட்டெல்லாம் உதிர்ந்துவிடும். அதன்பிறகும் அதே இடத்தில் பேண்ட் அதே அழுத்தத்தோடு வந்தால், அந்த ஆன்டிபாடி பாஸ்பேட்டைப் பார்க்கவில்லை. அல்லது நீங்கள் அதை மிக அதிகச் செறிவில் போடுகிறீர்கள். 1:1000இல் இருந்து 1:4000க்கு இறக்கி ஒருமுறை பாருங்கள்.

மூன்று தட்டு, மூன்று விதமான முடிவு

5 நிமிடத் தூண்டலில் ஒரு நிமிடத் தாமதம்கூடப் பெரிய வித்தியாசம். ஆறு தட்டுக்கும் ஒரே நேரத்தில் ஈ.ஜி.எஃப். ஊற்றிவிட்டு ஒன்றன்பின் ஒன்றாக லைஸ் செய்தால், கடைசித் தட்டு உண்மையில் 10 நிமிடத் தட்டு. ஒரு நிமிட இடைவெளி விட்டு ஊற்றி, அதே வரிசையில், அதே இடைவெளியில் நிறுத்துங்கள். செல் அடர்த்தியும் ஒன்றாக இருக்க வேண்டும். நெரிசலாக வளர்ந்த தட்டு, பாதி நிரம்பிய தட்டு போல நடந்துகொள்ளாது.

தடுப்பான் கொடுத்தும் பேண்ட் குறையவில்லை, அல்லது கூடுகிறது

இங்கே பிளாட்டைத் திருத்தப் போவதற்கு முன்னால் உயிரியலைப் பாருங்கள், ஏனென்றால் பேண்ட் கூடுவதே சரியான விடையாக இருக்கலாம். வெமுராஃபெனிப் போன்ற பிராஃப் தடுப்பான்கள் ஏ375 செல்லில் பாஸ்போ-எர்க்கைக் குறைக்கும். ஆனால் பிராஃப் இயல்பாக இருந்து ராஸில் பிறழ்வு உள்ள செல்லில் அதே மருந்து பாஸ்போ-எர்க்கைக் கூட்டும். மருந்து ஒட்டிய ராஃப் மூலக்கூறு தன்னோடு இணைந்த இன்னொரு ராஃபை முடுக்கிவிடுவதால் வரும் விளைவு இது. 2010இல் வெளியான ஆய்வுகளில் தெளிவானது. இதைத் தெரியாமல் ஆன்டிபாடியைக் குப்பையில் போட்டால் நல்ல ஒரு முடிவையும் சேர்த்துப் போடுகிறீர்கள்.

எர்க்கையே தடுக்கும் மருந்துகளில் இன்னொரு சிக்கல். உலிக்சர்டினிப் எர்க்கின் வேலையை நிறுத்தும், ஆனால் எர்க்கின் மேல் இருக்கும் பாஸ்பேட்டை எடுக்காது. எர்க் வேலை நின்றதும் அது மேலே அனுப்பிக்கொண்டிருந்த தடையும் நின்றுவிடும், மெக் இன்னும் வேகமாகப் பாஸ்பேட் ஏற்றும். ஆகவே பாஸ்போ-எர்க் கூடும், வேலை குறையும். இந்த மாதிரி மருந்தோடு ஆய்வு செய்பவர்கள் பாஸ்போ-எர்க்கை மட்டும் பார்த்து முடிவு எழுதக் கூடாது. எர்க் பாஸ்பேட் ஏற்றுகிற ஆர்.எஸ்.கே. புரதத்தின் பாஸ்போ வடிவத்தையும் சேர்த்துப் பாருங்கள், 90 கிலோடால்டன் அருகே வரும்.

மெக் தடுப்பானுக்கே குறையவில்லை என்றால் மட்டும் மருந்தைச் சந்தேகிக்கலாம். டி.எம்.எஸ்.ஓ.வில் கரைத்து வைத்த யு0126 பலமுறை உறைந்து உருகியிருந்தால் புதிதாகக் கரையுங்கள்.

இரட்டைப் பேண்டுக்குப் பதில் ஒன்று, அல்லது வேறு இடத்தில் கூடுதல் பேண்ட்

பல செல்களில் எர்க் 2 அதிகம், எர்க் 1 குறைவு. அதனால் மேல் பேண்ட் மங்கலாக இருப்பது தவறு இல்லை. இரண்டும் ஒன்றாக ஒட்டித் தெரிந்தால் 10 அல்லது 12 சதவீத ஜெல்லில் நீலச் சாயம் வெளியேறிய பிறகும் சற்று ஓடவிடுங்கள்.

50 கிலோடால்டன் அருகே தடித்த பேண்ட் என்றால், எலியின் திசுவில் எலி ஆன்டிபாடி போட்டிருக்கிறீர்களா, அல்லது ஆன்டிபாடியால் புரதத்தை இழுத்தெடுத்த இம்யூனோபிரெசிபிடேஷன் சாம்பிளா என்று பாருங்கள். அது ஆன்டிபாடியின் கன சங்கிலி. 25 அருகே இலேசான சங்கிலியும் தெரியும். முயல் ஆன்டிபாடிக்கு மாறினால் முதல் தொல்லை தீரும். அனிசோமைசின், புற ஊதாக் கதிர் போன்ற அழுத்தம் கொடுத்த செல்லில் 46, 54 அருகே வந்தால் எர்க்கின் உறவினக் கைனேஸான ஜே.என்.கே.யாக இருக்கலாம், 40க்குச் சற்றுக் கீழே வந்தால் பி38. மூன்று குடும்பத்திலும் திரியோனின், நடுவில் ஓர் அமினோ அமிலம், டைரோசின் என்ற அதே அமைப்பு. எர்க்கில் நடுவில் குளூட்டமேட், ஜே.என்.கே.யில் புரோலின், பி38இல் கிளைசின். கவனக்குறைவாகத் தயாரான ஆன்டிபாடி இவற்றையும் தொட்டுவிடும்.

லோடிங் கட்டுப்பாடு குழப்புகிறது

எல்லா லேனிலும் ஒரே அளவு புரதம் போட்டோமா என்று பார்க்கப் பயன்படும் பீட்டா-ஆக்டின் 42 கிலோடால்டன். எர்க் 2 இருக்கும் அதே இடம். ஒரே மெம்பிரேனில் பாஸ்போ-எர்க் பார்த்துவிட்டு, அந்த ஆன்டிபாடியை உரித்து எடுக்காமல் ஆக்டின் ஆன்டிபாடி போட்டால் எது எது என்று யாராலும் சொல்ல முடியாது. வின்குலின் அல்லது எச்.எஸ்.பி.90 போன்ற பெரிய புரதத்தைத் தேர்ந்தெடுத்து, மெம்பிரேனை நடுவில் வெட்டி மேல் பாதியில் பாருங்கள். எப்படியானாலும் பாஸ்போ-எர்க்கை ஒப்பிட வேண்டியது டோட்டல் எர்க்கோடுதான்.

அந்த டோட்டல் எர்க், தூண்டிய லேனில் மட்டும் குறைவாகத் தெரிகிறதா? 5 நிமிடத்தில் எர்க் அளவு குறைய வாய்ப்பில்லை. உரித்த மெம்பிரேனில் பாஸ்போ ஆன்டிபாடி மிச்சமிருந்து மற்றதற்கு இடம் கொடுக்காமல் மறைத்திருக்கலாம். டோட்டல் ஆன்டிபாடி பாஸ்பேட் ஏறும் இடத்துக்குப் பக்கத்தில் ஒட்டுவதாகவும் இருக்கலாம். புரதத்தின் கடைசி முனையைப் பிடிக்கும் ஒன்றுக்கு மாறுங்கள். உரித்த பிறகு செகண்டரியை மட்டும் போட்டு ஈ.சி.எல். பாருங்கள், இன்னும் ஒளி வந்தால் உரிதல் போதவில்லை. முயல் பாஸ்போ, எலி டோட்டல் என்று வாங்கி இரண்டு நிற ஃபுளோரசன்ஸில் ஒரே நேரத்தில் பார்ப்பது எல்லாவற்றிலும் சுத்தமான வழி. அந்த இமேஜர் இல்லாவிட்டால் இரண்டு ஜெல் ஓட்டுங்கள்.

பின்னணி கறுப்பு, அல்லது பேண்ட் நடுவில் வெள்ளை

பேண்டின் நடு வெள்ளையாகி ஓரம் மட்டும் கறுத்திருந்தால் ஆன்டிபாடி அளவுக்கு மீறிப் போய்விட்டது. என்சைம் அந்த இடத்து ஈ.சி.எல்.லை முழுக்கத் தின்றுவிட்டது. செகண்டரியை 1:2000இல் இருந்து 1:10000 வரை குறையுங்கள். இந்த மாதிரிப் பேண்டை அளந்து வரைபடம் போடாதீர்கள்.

மெம்பிரேன் முழுதும் கறுப்பு என்றால் 0.1 சதவீத டுவீன் கலந்த டி.பி.எஸ். பஃபரில் கழுவும் நேரத்தைக் கூட்டுங்கள், இடையில் மெம்பிரேன் காய விடாதீர்கள். புள்ளிபுள்ளியாக வந்தால் பால்பவுடர் கரையவில்லை, அல்லது செகண்டரி திரண்டிருக்கிறது. அதைச் சுழற்றித் தெளிவான மேல் பகுதியை மட்டும் எடுங்கள். மெம்பிரேனின் வெற்றிடங்களை மூட (பிளாக் செய்ய) பாலா, மாட்டின் இரத்தப் புரதமான பி.எஸ்.ஏ.வா என்ற சண்டைக்கு என் பதில்: பாஸ்போ-டைரோசினைப் பொதுவாகப் பிடிக்கும் ஆன்டிபாடிகளுக்குப் பால் ஆகாது, ஏனென்றால் கேசீன் தானே பாஸ்பேட் உள்ள புரதம். பாஸ்போ-எர்க் போல குறிப்பிட்ட துண்டைப் பிடிப்பதற்குப் பால் அவ்வளவு கெடுதல் செய்யாது, ஆனால் மங்கலான பேண்டை இன்னும் மங்கலாக்கும். பிளாக் செய்யப் பால், பிரைமரி கலக்க 5 சதவீத பி.எஸ்.ஏ. என்று வைத்துக்கொண்டால் இரண்டுக்கும் நடுவில் நன்றாக ஓடும்.

திசுவில் ஓரம் மட்டும் நிறம் ஏறுகிறது

பிளாட் இல்லாமல் திசுத் துண்டையே ஆன்டிபாடியால் நிறமேற்றிப் பார்க்கும்போது வரும் தொல்லை இது. திசுவை நிலைப்படுத்தும் ஃபார்மலின் அதற்குள் மெதுவாகத்தான் இறங்கும். அது உள்ளே போய்ச் சேர்வதற்குள் நடுப்பகுதியில் பாஸ்பேட் உதிர்ந்துவிடும். ஓரத்தில் மட்டும் பாஸ்போ-எர்க் தெரிவதைக் கட்டியின் தன்மை என்று எழுதிவிடும் ஆபத்து இருக்கிறது. துண்டை மெல்லியதாக வெட்டி, எடுத்த நிமிடமே ஃபார்மலினில் போடுங்கள். கண்ணாடித் தகட்டில் வளர்த்த செல் என்றால், ஃபார்மால்டிஹைடில் நிலைப்படுத்திய பிறகு மைனஸ் 20 மெத்தனாலில் 10 நிமிடம் வைத்தால் உட்கருவில் உள்ள எர்க் நன்றாகத் தெரியும்.

போன குப்பி நன்றாக இருந்தது, புதியது சரியில்லை

முதலில் வைத்திருந்த விதம். 50 சதவீத கிளிசரால் கலந்து வரும் ஆன்டிபாடி மைனஸ் 20இல் திரவமாகவே இருக்கும், அப்படியே பயன்படுத்தலாம். அதை மைனஸ் 80இல் வைத்து உறைய வைப்பது நல்லதல்ல. தானாகவே பனி உருக்கும் வகை ஃப்ரீசரில் வெப்பம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், அங்கே வைக்க வேண்டாம்.

அது சரியென்றால் லாட் (தயாரிப்புத் தொகுதி) எண்ணைப் பாருங்கள். முயலின் இரத்தத்திலிருந்து எடுக்கும் பாலிகுளோனல் ஒவ்வொரு லாட்டிலும் மாறும். மரபணுவிலிருந்து தயாரிக்கும் ரீகாம்பினன்ட் மோனோகுளோனலில் இந்தத் தொல்லை குறைவு. சில ஆன்டிபாடி இரண்டு பாஸ்பேட்டும் இருந்தால் மட்டும் பிடிக்கும், சில ஒன்று இருந்தாலே பிடிக்கும். எனவே ஒரே பெயரில் வேறு குளோன் வாங்கியிருந்தால் அளவு மாறுவதில் வியப்பில்லை, தகவல் தாளில் அது எழுதியிருக்கும். பழைய குப்பி முழுதும் தீரும்வரை காத்திருக்காமல், கடைசி 10 மைக்ரோலிட்டரை ஒதுக்கி வையுங்கள். மைனஸ் 80இல் சேமித்த அந்த மூன்று லைசேட்டையும் ஒரே ஜெல்லில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தொகுதியாக ஓட்டி, மெம்பிரேனை இரண்டாக வெட்டி, ஒரு பாதியில் பழைய லாட், மறு பாதியில் புதிய லாட் போட்டு, ஒரே நேரத்தில் ஒரே இமேஜில் எடுங்கள். புதியது பலவீனமாக இருந்தால் இந்த ஒரு படத்தை லாட் எண்ணோடு விற்பனையாளருக்கு அனுப்பலாம். வெறும் "பேண்ட் வரவில்லை" என்ற மின்னஞ்சலைவிட, கட்டுப்பாட்டு லேன்களோடு கூடிய இந்தப் படம் மாற்றுக் குப்பியை விரைவில் வரவைக்கும்.